தொலைவிலுள்ள வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேச நேரம் குறித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் வாடிக்கையாளரிடம் தொலைபேசி வழியாகவே விற்பனை செய்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகளோடு, பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே மார்ச், அக்டோபர் மாதங்களில் தடுமாறிப்போய்க் கேட்கும் கேள்விகளும் இதில் இடம்பெறுகின்றன.

முன்கூட்டியே நேரம் குறிக்காமல் நேரடியாக அழைத்தால் என்ன?

ஒரு சிறு ஐயத்தைத் தீர்க்கவோ, அனுப்பிய ஆவணம் கிடைத்ததா என்று கேட்கவோ அப்படி அழைக்கலாம். விலை, ஒப்பந்த விதிகள், செயல்முறை விளக்கம் போன்ற நிதானமாகப் பேச வேண்டிய விஷயங்களுக்கு அது உதவாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் வண்டி ஓட்டிக்கொண்டோ மற்றொரு கூட்டத்தில் அமர்ந்துகொண்டோ, "அப்புறம் பேசலாமே" என்று வைத்துவிடுகிறார்கள். அந்த "அப்புறம்" எந்த நாள், எந்த மணி என்று யாரும் சொல்லாததால், அடுத்த முறை அழைக்கும்போது நாம் மறுபடியும் முன்பின் தெரியாதவராகவே தொடங்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்துக்கு நேரில் வருபவர் தம் நேரத்தைத் தாமே ஒதுக்கிக்கொண்டு வருகிறார். தொலைவில் இருப்பவரிடமோ அந்த நேரத்தை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

நேரத்தை எப்படிக் கேட்பது?

"உங்களுக்கு எப்போது வசதிப்படும்?" என்ற கேள்வி மரியாதையாகத் தோன்றினாலும் வேலையை வாடிக்கையாளர் தலையில் வைக்கிறது. அவர் தம் நாட்காட்டியைத் திறக்க வேண்டும், காலியான இடம் தேட வேண்டும், அந்த நேரத்தில் நாம் விழித்திருப்போமா என்றும் யோசிக்க வேண்டும். இவ்வளவையும் செய்வதை விடப் பதில் எழுதாமல் இருப்பது எளிது என்பதால் பலர் அதையே செய்கிறார்கள்.

வெவ்வேறு நாட்களில், ஒன்று முற்பகல், ஒன்று பிற்பகல் என இரண்டு அல்லது மூன்று நேரங்களை நாமே அவருடைய உள்ளூர் நேரத்தில் எழுதி, "இவற்றில் எதுவும் ஒத்துவராவிட்டால் நீங்களே ஒரு நேரம் சொல்லுங்கள்" என்று முடிப்பது நல்லது. ஐந்தாறு நேரங்களை அடுக்கினால் அதுவே ஒரு படிவமாகிவிடும். மேலும், பதில் வரும் வரை அத்தனை நேரங்களையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டிய நிலை நமக்கு ஏற்படும்.

யாருடைய உள்ளூர் நேரத்தில் எழுத வேண்டும்?

வாடிக்கையாளருடைய நேரத்தில்தான். இதில் விதிவிலக்கே இல்லை என்பது என் கருத்து. நேர வேறுபாட்டைக் கூட்டிக் கழிக்கும் வேலை விற்பவருடையது. வாங்க வந்தவரைக் கணக்குப் போட வைக்கக் கூடாது. இரு நேரங்களையும் எழுத விரும்பினால் அவருடையதை முதலிலும் நம்முடையதை அடுத்தும் எழுதலாம்.

அதற்கு அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். தொலைபேசி எண்ணைப் பார்த்து ஊகிப்பது ஆபத்தானது. வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ குடிபெயர்ந்த பிறகும் பழைய கைபேசி எண்ணையே வைத்திருப்பவர்கள் ஏராளம். நாட்டின் பெயர் தெரிந்தாலும் போதாது. சீனா முழுவதும் அதிகாரபூர்வமாக ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. ரஷ்யாவிலோ 11 நேர மண்டலங்கள் உள்ளன. எனவே "இந்த வாரம் நீங்கள் எந்த ஊரிலிருந்து பேசுவீர்கள்?" என்று ஒரு வரியில் கேட்டுவிடுவதே சரி. பயணத்தில் இருப்பவர்கள் அந்தக் கேள்விக்கு நன்றி சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஐஎஸ்டி", "சிஎஸ்டி" போன்ற சுருக்கங்களைப் பயன்படுத்தலாமா?

தவிர்ப்பது நல்லது. "ஐஎஸ்டி" என்பதை இந்திய நேரம் என்றும், இஸ்ரேல் நேரம் என்றும், அயர்லாந்தின் கோடை நேரம் (கோடை மாதங்களுக்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கும் நேரம்) என்றும் படிக்கலாம். "சிஎஸ்டி" அமெரிக்காவின் மத்திய மண்டலத்தையும் குறிக்கும், சீனாவையும் குறிக்கும். "லண்டன் நேரம் 14:00 மணி", "சிகாகோ நேரம் 09:00 மணி" என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளமும் மண்டலங்களுக்கு ஊர்ப் பெயர்களையே அடையாளமாக வைத்திருக்கிறது.

வேறுபாடு எப்போதும் முழு மணிகளாகத்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரமான யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளன. நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னால் உள்ளது. நேபாள வாடிக்கையாளரிடம் 15 நிமிடம் பிந்தி அழைத்துவிட்டு, "சரியாகத்தானே அழைத்தேன்" என்று வாதிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

கோடை நேரம் மாறும்போது ஏற்கெனவே குறித்த அழைப்புகள் என்னவாகும்?

ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அமெரிக்காவின் பெரும்பகுதியில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டு, நவம்பர் முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாற்றுகின்றன. ஆகவே நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் வேறுபாடு, மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் 4 மணி நேரமாகச் சுருங்குகிறது.

தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கோடை நேரம் தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறன்று முடிகிறது. லண்டன் வாடிக்கையாளருக்கும் சிட்னியில் இருக்கும் தொழில்நுட்ப ஊழியருக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு ஓராண்டுக்குள்ளேயே 9, 10, 11 மணி நேரம் என்று மாறிக்கொண்டிருக்கும். ஒரே நாட்டுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால், ஃபீனிக்ஸ் நகரம் குளிர்காலத்தில் டென்வரோடும் கோடையில் லாஸ் ஏஞ்சலஸோடும் ஒத்துப்போகிறது. பிரிஸ்பேனும் சிட்னியும் ஆண்டில் பாதி நாள் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன, மீதி நாள் காட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் அரை மணி நேரம் மட்டுமே மாற்றுகிறார்கள். அங்கே வாடிக்கையாளர் யாரும் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி உண்டு.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாதது. சிகாகோவில் இருந்த ஒரு வாடிக்கையாளரோடு வாரந்தோறும் எங்கள் நேரப்படி ஒரு மணியைக் குறித்திருந்தேன். அவருக்கு அது காலை 9 மணி. மார்ச் மாதத்தில் அவர் ஊர்க் கடிகாரம் மாறிய பிறகு வந்த முதல் அழைப்பில், அவர் தம் 9 மணிக்குத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 20 நிமிடம் காத்திருந்து விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் வழக்கமான மணியில் அழைத்தபோது அங்கே 10 மணி. அவர் இன்னொரு கூட்டத்தில் இருந்தார். பிழை முழுவதும் என்னுடையது. தொடர் அழைப்பை அவருடைய மண்டலத்தில் பதிவு செய்திருந்தால், என் நாட்காட்டியில் அது தானாகவே ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்திருக்கும்.

காலண்டர் செயலியே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

சரியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். அழைப்பிதழ்களைச் செயலிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவம் 1998-இல் தரப்படுத்தப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. அதில் நேரத்தோடு மண்டலத்தையும் சேர்த்து எழுத இடம் உண்டு. எந்த நிறுவனத்தின் செயலியாக இருந்தாலும் இந்தக் கோப்பைத் திறந்து அந்தந்தப் பயனருடைய உள்ளூர் நேரத்தில் காட்டும்.

இடறுவது இரண்டு இடங்களில். மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் செயலி நம்முடைய மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும், மேலே சொன்ன சிகாகோ சங்கடம் அப்படி வந்ததுதான். அடுத்தது, அரசுகள் விதியை மாற்றும்போது செயலியும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மெக்சிகோ 2022-இல் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தைக் கைவிட்டது. எகிப்து 2023-இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. பல மாதங்களாகப் புதுப்பிக்காத கைபேசி இந்த மாற்றங்களை அறிந்திருக்காது.

முன்பதிவு இணைப்பை அனுப்பி, "இதில் நீங்களே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாமா?

தாமாகவே விசாரித்து வந்தவருக்கு அனுப்பலாம். அவருக்கு அது வசதிதான். நாமாகத் தேடிப்போய்ப் பேசும் ஒருவருக்கு முதல் செய்தியிலேயே இணைப்பை மட்டும் அனுப்புவது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பதைப் போன்றது. இரண்டு நேரங்களை எழுதி, அவை ஒத்துவராதபோது மட்டும் பயன்படும்படி இணைப்பைக் கீழே கொடுத்தால் இருவகையினருக்கும் பொருந்தும். இணைப்பில் காட்டும் நேரங்களை நாமே ஒருமுறை வாடிக்கையாளரின் மண்டலத்தில் திறந்து பார்க்க வேண்டும். நமக்கு நடுப்பகலாக இருக்கும் நேரம் அவருக்குப் பின்னிரவு 3 மணியாகக் காட்டப்படுவதைக் கண்டால், நாட்காட்டியில் மாற்ற வேண்டியது என்னவென்று உடனே தெரிந்துவிடும்.

தேதியையும் மணியையும் எப்படி எழுத வேண்டும்?

மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும். 04/05 என்பது ஒருவருக்கு மே 4, இன்னொருவருக்கு ஏப்ரல் 5. கிழமையைச் சேர்ப்பது ஒரு சரிபார்ப்பாகவும் உதவுகிறது: தேதியில் கைப்பிழை நேர்ந்தால் கிழமை பொருந்தாமல் போய், யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். "அடுத்த வெள்ளி" என்பது வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது அரிது. "இரவு 12 மணி" எந்த நாளைச் சேர்ந்தது என்ற குழப்பமும் அப்படியே. 24 மணிக் கணக்கில் எழுதுவதும், நள்ளிரவை ஒட்டிய நேரங்களை அறவே தவிர்ப்பதும் நலம்.

உறுதிப்படுத்தும் செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும்?

யார் யாரை அழைப்பது, எந்த எண்ணில், எந்த நாள், எந்த ஊர் நேரம், எவ்வளவு நேரம், எதைப் பற்றி ஆகியவை இருந்தால் போதும். லண்டன் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பக்கூடிய செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நீங்கள் கேட்டிருந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேச, 2026 மார்ச் 12, வியாழக்கிழமை, லண்டன் நேரம் 14:00 மணிக்கு நான் உங்களை அழைக்கிறேன். நீங்கள் கொடுத்த கைபேசி எண்ணுக்கே அழைப்பு வரும். என் எண் இந்தச் செய்தியின் கீழே உள்ளது. 25 நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நியூயார்க்கில் இருக்கும் எங்கள் பொறியாளரும் இணைவார். அவருக்கு அப்போது 10:00 மணி. நேரத்தை மாற்ற வேண்டுமானால் இதற்கே பதில் எழுதினால் போதும்."

இதில் பொறியாளரின் நேரத்தைக் குறித்திருப்பது வாடிக்கையாளருக்காக அல்ல. நகலைப் பெறும் பொறியாளருக்காக. மற்ற வாரங்களில் லண்டனின் 14:00 அவருக்கு 09:00 மணி. அந்த வாரத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறிவிட்டது, பிரிட்டனின் கடிகாரம் இன்னும் மாறவில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டால் அவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பார்.

நாம் அழைப்பதா, அவர் அழைப்பதா? எண்ணை எப்படிக் குறித்துக்கொள்வது?

விற்பவர் அழைப்பதே முறை. அழைப்புச் செலவும் மறக்காமல் இருக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையவை. இது சொல்லப்படாமல் விடப்பட்டால் இருவரும் மற்றவர் அழைப்பார் என்று காத்திருப்பார்கள்.

எண்ணைக் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு உள்ளூர் எண் என்ற வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தரப்படி நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஒரு எண்ணில் அதிகபட்சம் 15 இலக்கங்கள்தான் இருக்கும். பல நாடுகளில் உள்ளூரில் முதலில் வரும் பூச்சியத்தை வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது விட்டுவிட வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்களிலோ அந்தப் பூச்சியம் அப்படியே நிற்கும். வெளிநாட்டு அழைப்பு சில சமயம் அறியாத எண்ணாகவோ தொல்லை அழைப்பு என்ற எச்சரிக்கையுடனோ திரையில் தோன்றும் என்பதால், எந்த எண்ணிலிருந்து அழைக்கப்போகிறோம் என்பதை முன்பே சொல்லிவிட்டால் அவர் அதைச் சேமித்துக்கொள்வார்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கேட்பதைக் குறைவாகக் கேட்டு, நம் நாட்காட்டியில் கூடுதலாக ஒதுக்க வேண்டும். 25 நிமிடம் கேட்டால் 45 நிமிடத்தை மறித்து வைக்கலாம். பேச்சு நன்றாகப் போகும்போது, "எனக்கு அடுத்த அழைப்பு இருக்கிறது" என்று விற்பவரே எழுந்து போவதை விடப் பெரிய நஷ்டம் இல்லை. அதே சமயம், சொன்ன நேரம் முடிந்ததும் "சொன்ன நேரம் ஆகிவிட்டது, தொடரலாமா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம் சிறந்தது?

எல்லாருக்கும் பொருந்தும் பொன்னான நேரம் என்று எதையும் நான் நம்புவதில்லை. பணிநாள் தொடங்கிய முதல் அரைமணியையும் முடியப்போகும் கடைசி அரைமணியையும் தவிர்த்தால் போதும். வாடிக்கையாளரின் தொழிலைப் பார்க்க வேண்டும்: கணக்காளருக்கு மாதக் கடைசி, பள்ளி நிர்வாகிக்குச் சேர்க்கைக் காலம், சில்லறை வணிகருக்குப் பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நெருக்கடிக் காலம் உண்டு.

வார விடுமுறையும் எங்கும் ஒன்றல்ல. சவுதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் தன் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறையாகவும் வெள்ளி அரைநாளாகவும் மாற்றியது. இஸ்ரேலில் வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது.

அழைப்பு நேரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டா?

பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் வீட்டு எண்களுக்கு விற்பனை அழைப்பு விடுப்பவர்கள், அழைக்கப்படுபவரின் உள்ளூர் நேரப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. "அழைக்கப்படுபவரின்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நமக்கு எத்தனை மணி என்பது அங்கே கணக்கில் இல்லை. ஜெர்மனியில் நுகர்வோரை விளம்பர நோக்கில் அழைப்பதற்கே முன்கூட்டிய வெளிப்படையான ஒப்புதல் தேவை. பேச்சைப் பதிவு செய்வதற்கும் அங்கே ஒப்புதல் வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பினரும் சம்மதிக்க வேண்டும். பதிவு செய்யும் வழக்கம் இருந்தால் அதை நேரம் குறிக்கும் செய்தியிலேயே சொல்லி, அழைப்பின் தொடக்கத்தில் மறுபடி கேட்பது பாதுகாப்பானது.

நினைவூட்டல் எத்தனை முறை அனுப்பலாம்?

ஒன்று போதும், இரண்டுக்கு மேல் கூடாது. முதல் நாள் அவருடைய பணி நேரத்தில் ஒரு செய்தியும், வேண்டுமானால் அன்று ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பலாம். தானியங்கி நினைவூட்டல் வைத்திருப்பவர்கள் அது அவருடைய ஊரில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் தலைமாட்டில் அலறும் கைபேசி, அன்றைய பேச்சை நமக்கு எதிராகவே தொடங்கி வைக்கும்.

குறித்த நேரத்தில் அவர் எடுக்கவில்லை என்றால்?

ஒருமுறை முழுதாக மணியடிக்க விட்டு, பிறகு ஒரு செய்தி அனுப்பலாம்: "இப்போது அழைத்தேன், 10 நிமிடத்தில் மீண்டும் முயல்கிறேன்." இரண்டாம் முறையும் எடுக்காவிட்டால் அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டு, புதிதாக இரண்டு நேரங்களை எழுதி அனுப்ப வேண்டும். "காத்திருந்தேன்", "வரவில்லையே" போன்ற சொற்கள் அந்தச் செய்தியில் வேண்டாம். அதை அனுப்புவதற்கு முன், நாம் மணியைத் தவறாகக் கணக்கிடவில்லையே என்று ஒருமுறை சரிபார்ப்பது முக்கியம். பாதி நேரம் தவறு நம் பக்கம்தான் இருக்கும்.

நாமே தவறவிட்டால்?

உடனே அழைக்க வேண்டும், காரணத்தை நீட்டாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் சொல்லும் நேரம் நமக்கு எவ்வளவு சிரமமானதாக இருந்தாலும் ஏற்க வேண்டும்.

மூன்று, நான்கு முறை தள்ளிப்போடுபவரிடம் மீண்டும் நேரம் கேட்கலாமா?

இருமுறை தள்ளிப்போடுவது இயல்பு. மூன்றாம் முறை, நேரம் கேட்பதற்குப் பதிலாக, "இது இப்போது உங்களுக்கு அவசரமான தேவை இல்லை என்றால் சொல்லுங்கள், சில மாதங்கள் கழித்துத் தொடர்பு கொள்கிறேன்" என்று எழுதலாம். பலர் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கியே தேதியை நகர்த்துகிறார்கள். மறுப்பதற்கு ஒரு கௌரவமான வழியைத் திறந்து வைத்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். சிலர் அந்தச் செய்தியைக் கண்டதும் அன்றே நேரம் கொடுப்பதும் உண்டு.

அவருக்குப் பகல் என்பது எங்களுக்கு எப்போதும் நள்ளிரவாக இருக்கிறதே?

இது நேரம் குறிப்பவரால் தீர்க்க முடியாத, பணிமுறையை மாற்றித்தான் தீர்க்க வேண்டிய சிக்கல். வாரத்தில் இரண்டு இரவுகளை மட்டும் அந்த மண்டலத்துக்கென்று ஒதுக்கி, அழைப்புகள் அனைத்தையும் அவற்றிலேயே அடுக்கி, மறுநாள் காலை ஓய்வு கொடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஒரே ஆள் பகலில் அலுவலகமும் இரவில் அழைப்பும் பார்த்தால், மூன்றாம் வாரத்தில் அவர் குரலிலேயே அது தெரிந்துவிடும். அப்படி ஒதுக்கிய இரவுகளில் வாடிக்கையாளருக்கு எந்தெந்த மணிகள் வருகின்றன என்பதைக் குழுவினர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். மார்ச்சிலும் அக்டோபரிலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.